ரொட்டியை நிறுத்திய மருத்துவர்

1880களின் லண்டனில் ஒரு சவலைப் பிள்ளை கடல் சிப்பி தின்று தேறியது. வயிறு ஊதி, கைகால் சூம்பி, எதைக் கொடுத்தாலும் வெளுத்து நுரைத்த மலமாகக் கழித்துக்கொண்டிருந்த குழந்தை அது. டச்சுக் கடற்கரையிலிருந்து வந்த நல்ல சிப்பியைத் தினமும் ஒரு குவார்ட், அதாவது ஒரு லிட்டருக்குச் சற்று மேல், கொடுத்துப் பார்த்தார்கள். உடம்பு பிடித்தது. பருவம் முடிந்து சிப்பி வரத்து நின்றதும் பழைய நிலைக்கே சரிந்தது. அடுத்த ஆண்டு சிப்பி வந்தபோது, என்ன கெஞ்சியும் அந்தக் குழந்தை அதைத் தொடவில்லை.

இதைப் பதிவு செய்தவர் சாமுவேல் கீ. லண்டன் கிரேட் ஆர்மண்ட் தெருக் குழந்தைகள் மருத்துவமனையில் 1887 அக்டோபர் 5 அன்று அவர் ஆற்றிய உரை அடுத்த ஆண்டு அச்சேறியது. சீலியாக் நோய் என்று இன்று அறியப்படும் நோயை நவீன மருத்துவத்தில் தெளிவாக வர்ணித்த முதல் ஆவணம் அது. கிரேக்க மருத்துவர் அரேட்டியஸ், கி.பி. முதல் இரண்டு நூற்றாண்டுகளுக்குள்ளேயே இதையொத்த ஒரு நோயைப் பற்றி எழுதியிருந்தார். ஆனால் அது பெரியவர்களுக்கு வருவது என்று நினைத்தார். குழந்தைகளைத்தான், அதிலும் ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் உள்ளவர்களைத்தான், இது அதிகம் பிடிக்கிறது என்று கண்டவர் கீ.

அவர் சொன்னதில் ஒன்று இன்றுவரை நிற்கிறது: இந்த நோய் தீருமானால் உணவால்தான் தீரும். எந்த உணவால் என்பதில்தான் கை தடுமாறியது. அரிசி, ஜவ்வரிசி, சோளமாவு ஆகாது என்றார். பழமும் காய்கறியும் வேண்டாம், பசும்பால் கூடாது என்றார். மெல்லிசாக வெட்டி இருபுறமும் நன்றாக வாட்டிய ரொட்டியை அனுமதித்தார். குழந்தைக்கு ஒரு தீங்கும் செய்யாத அரிசி தட்டிலிருந்து போயிற்று. குடலை அரித்துக்கொண்டிருந்த கோதுமை தட்டிலேயே தங்கிற்று. சிப்பியால் வயிறு நிறைந்த மாதங்களில் அந்தக் குழந்தை ரொட்டியைக் குறைவாகத் தின்றிருக்கும் என்று இன்று ஊகிக்க முடிகிறது. அன்று அப்படி ஊகிக்க எந்த முகாந்திரமும் இல்லை. ஐரோப்பாவில் ரொட்டிதான் சோறு. சோறுதான் நோய்க்குக் காரணம் என்று யாருக்கு எளிதில் தோன்றும்?

அடுத்த அறுபது ஆண்டுகளின் கதை, எடுக்க வேண்டிய ஒன்றைக் கண்டுபிடிக்க முடியாமல் பத்தை எடுத்த கதை. ஒவ்வொரு மருத்துவரும் கண்ணால் கண்டதைத்தான் எழுதினார். ஒவ்வொருவரும் உண்மையின் ஓரத்தைத் தொட்டுவிட்டு நகர்ந்தார்கள். இடையில் வளர வேண்டிய குழந்தைகள் வளராமல் நின்றன. பல இறந்தன.

நியூயார்க்கில் கிறிஸ்டியன் ஹெர்ட்டர் 1908இல் இந்த நோயைப் பற்றி ஒரு நூலே எழுதினார். குடலில் வாழும் கிருமிகளே காரணம் என்பது அவர் முடிவு. மாவுச்சத்தைவிடக் கொழுப்பு இந்தக் குழந்தைகளுக்குப் பரவாயில்லை என்றும் கவனித்தார். நெடுங்காலம் இந்த நோய்க்கு 'கீ-ஹெர்ட்டர் நோய்' என்றே பெயர். 1921இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் ஜான் ஹவ்லண்ட் இன்னும் நெருங்கி வந்தார். மாவுச்சத்தை முற்றாக நிறுத்தி, புரதம் மிகுந்த பாலில் தொடங்கி, மூன்று கட்டங்களாக உணவைக் கூட்டிக்கொண்டே போகும் முறை அவருடையது. அதனால் பல குழந்தைகள் தேறினார்கள். மாவுச்சத்து உணவுகள் என்ற பெரிய குடும்பத்துக்குள் குற்றவாளி ஒரே ஒருவர்தான் என்பது மட்டும் அவருக்குத் தெரியவில்லை.

பிறகு வந்தது வாழைப்பழம்.

நியூயார்க்கைச் சேர்ந்த சிட்னி ஹாஸ் 1924இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். நோயால் வாடிய பத்துக் குழந்தைகளைப் பற்றியது அது. அவர்களில் எட்டுப் பேருக்கு வாழைப்பழ உணவு கொடுத்தார்; எட்டுப் பேரும் தேறினார்கள். அந்த உணவைப் பெறாத இருவரும் இறந்தார்கள். அவருக்கு இந்த எண்ணம் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தது. அங்கே ரொட்டி அதிகம் தின்ற நகரவாசிகளுக்கு ஸ்ப்ரூ என்னும் வயிற்றுப்போக்கு நோய் வந்தது. வாழைப்பழத்தில் வாழ்ந்த உழவர்களுக்கு வரவில்லை. கவனித்த செய்தியில் ரொட்டியும் இருந்தது, வாழைப்பழமும் இருந்தது. ஹாஸ் கையில் எடுத்தது வாழைப்பழத்தை. ரொட்டி, பிஸ்கட், உருளைக்கிழங்கு, தானியம் எல்லாவற்றையும் நிறுத்தி, பாலும் தயிர்க்கட்டியும் கறியும் வாழைப்பழமும் கொடுத்தார். குழந்தைகள் பிழைத்தது ரொட்டி நின்றதால். பெயர் கிடைத்தது பழத்துக்கு.

வாழைப்பழம் அன்று எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியது என்பதை மறுக்க முடியாது. மரணத்தை எதிர்நோக்கிய குழந்தையை மடியில் வைத்திருந்த தாய்க்கு, பெயர் யாருக்குப் போனால் என்ன? ஆனால் காரணம் பிசகியதற்கு ஒரு விலை இருந்தது. வாழைப்பழம் நோயைத் தீர்த்துவிடுகிறது, தீர்ந்தபின் எல்லாவற்றையும் தின்னலாம் என்று ஹாஸ் நம்பினார்; கடைசிவரை அதை விடவில்லை. மகனுடன் சேர்ந்து 1951இல் அவர் வெளியிட்ட நூல் அந்த நம்பிக்கையின் மேல் எழுந்ததுதான். அப்படித் 'தேறிய' பிள்ளைகள் வளர்ந்து ரொட்டிக்குத் திரும்பினார்கள். வெளியே பெரிதாக ஒன்றும் தெரியாமலே உள்ளே குடல் மறுபடி தேயத் தொடங்கியது. இரத்தசோகையும் எலும்புத் தேய்வுமாகப் பல ஆண்டுகள் கழித்து மருத்துவரிடம் போனவர்களுக்கு, அதற்கும் சிறுவயது நோய்க்கும் உள்ள முடிச்சு புரியவில்லை.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் நெதர்லாந்துக் குழந்தை மருத்துவர் வில்லெம் காரெல் டிக்கெ. 1905இல் பிறந்தவர். ஹேக் நகரின் யூலியானா குழந்தைகள் மருத்துவமனைக்கு 1936இல் தலைமை மருத்துவரானபோது அவருக்கு வயது 31. ரொட்டியை நிறுத்தினால் குழந்தையின் தோல் தடிப்பு மறைகிறது என்று ஓர் இளம் தாய் சொன்னதுதான் அவர் கவனத்தை முதலில் கோதுமைப் பக்கம் திருப்பியதாக, அவருடன் பழகியவர்கள் வழியே வந்த செய்தி உண்டு. அந்தத் தாயின் பெயர் நிலைக்கவில்லை. மருத்துவ வரலாற்றில் இப்படிப் பெயரில்லாமல் நிற்கும் தாய்மார்கள் ஏராளம். குழந்தையின் தட்டையும் மலத்தையும் நாள்தோறும் பார்ப்பவள் தாய்தான்.

டிக்கெ அதைக் காதில் போட்டுக்கொண்டதோடு நிற்காமல் சோதித்தார். வார்டில் மாதக்கணக்கில், சிலவேளை ஆண்டுக்கணக்கில் தங்கியிருந்த குழந்தைகளுக்குக் கோதுமையை நிறுத்துவார். எடையும் உயரமும் ஏறும். மறுபடி கொடுப்பார், கோடு சரியும். 1941இல் டச்சு மருத்துவ இதழில் கீ-ஹெர்ட்டர் நோய்க்கு ஓர் எளிய உணவுமுறை என்ற பொருளில் அவர் கட்டுரை வந்தது. ரொட்டியும் ரஸ்க்கும் வேண்டாம் என்பதே அதன் சாரம். இந்த ஆண்டை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. ஏனென்றால் டிக்கெயின் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் அதை 1944இன் பஞ்சத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். பஞ்சத்தில் ரொட்டி இல்லாமல் போனதைக் கண்டு அவருக்குத் திடீரென்று பொறி தட்டியதாகச் சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது. நடந்தது வேறு. பஞ்சத்துக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே அவர் அச்சில் சொல்லிவிட்டார்.

பஞ்சம் அவருக்குக் கொடுத்தது ஒரு கொடிய உறுதி. 1944 செப்டம்பரில், லண்டனிலிருந்து இயங்கிய டச்சு அரசின் அழைப்பை ஏற்று ரயில்வே ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆக்கிரமித்திருந்த ஜெர்மானியர்கள் பதிலடியாக, நாட்டின் மேற்குப் பகுதிக்கு உணவு போகவிடாமல் தடுத்தார்கள். நவம்பரில் தடை ஓரளவு தளர்ந்தபோது கடுங்குளிர் வந்து கால்வாய்கள் உறைந்தன. படகு போக வழியில்லை. பெரியவர் ஒருவருக்கான நாள் ரேஷன் 1,000 கலோரிக்குக் கீழே இறங்கியது. 1945 பிப்ரவரி முடிவில் 600க்கும் கீழே போனது. ஆம்ஸ்டர்டாமிலும் ஹேக்கிலும் ராட்டர்டாமிலும் மக்கள் சர்க்கரைக் கிழங்கையும் டூலிப் பூக்கிழங்கையும் வேகவைத்துத் தின்றார்கள். ஏறத்தாழ 20,000 பேர் இறந்தார்கள்.

ஊரே மெலிந்த அந்தக் குளிர்காலத்தில் டிக்கெயின் சீலியாக் குழந்தைகள் மோசமாகவில்லை, தேறினார்கள். ரொட்டி இல்லை என்பதுதான் காரணம். சுவீடன் செஞ்சிலுவைச் சங்கம் அனுப்பிய மாவில் சுட்ட வெள்ளை ரொட்டி பிப்ரவரி இறுதியில் வீடுகளுக்கு வந்தது. ஏப்ரல் 29 முதல் நேசநாட்டு விமானங்கள் உணவுப் பொதிகளை வானிலிருந்து இறக்கின. மே 5 அன்று விடுதலை. நாடே ரொட்டியைக் கண்டு அழுத அந்த வாரங்களில்தான் இந்தக் குழந்தைகளுக்குப் பேதி திரும்பியது என்பது டிக்கெயின் அனுபவமாகச் சொல்லப்படுவது.

அனுபவத்தை எண்ணாக மாற்றினால்தான் மற்ற மருத்துவர்கள் நம்புவார்கள். போருக்குப் பின் அந்த வேலை நடந்தது. உட்ரெக்டில் வான் டி காமர் என்ற உயிர்வேதியியலாளர், மலத்தில் எவ்வளவு கொழுப்பு வெளியேறுகிறது என்று துல்லியமாக அளக்கும் முறையை 1949இல் வெளியிட்டார். வார்டில் இதைச் செய்வது பெரும்பாடு. குழந்தை தின்ற ஒவ்வொரு கவளத்தையும் எடைபோட வேண்டும். நாள்கணக்கில் கழித்த மலம் முழுவதையும் சிந்தாமல் சேர்க்க வேண்டும். உள்ளே போன கொழுப்பில் எத்தனை பங்கு உடம்பில் ஒட்டியது என்று கணக்கிட வேண்டும். கோதுமை கொடுத்தால் அந்தப் பங்கு இறங்கியது. நிறுத்தினால் ஏறியது. 1950இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் டிக்கெ சமர்ப்பித்த முனைவர் பட்ட ஆய்வேடு சில குழந்தைகளின் வளர்ச்சியை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து வரைந்து காட்டியது. கோதுமையும் ரை என்ற தானியமும் கெடுதல். அரிசியும் மக்காச்சோளமும் உருளைக்கிழங்கும் கெடுதல் இல்லை. கீ தடைசெய்த அரிசி 63 ஆண்டுகள் கழித்துத் தட்டுக்குத் திரும்பியது.

கோதுமையில் எது? மைதா மாவைக் கெட்டியாகப் பிசைந்து உருட்டி, குழாய்த் தண்ணீரின் கீழ் வைத்துக் கசக்கிக்கொண்டே இருந்தால் விடை பாதி தெரிந்துவிடும். முதலில் பால்போல் வெள்ளையாக ஓடுவது மாவுச்சத்து. தண்ணீர் தெளிந்தபின் கையில் மிஞ்சுவது இழுத்தால் நீளும் ஒரு பசை உருண்டை. அதுதான் குளூட்டன். பரோட்டா மாஸ்டர் மாவைக் காற்றில் வீசி விரிக்கிறபோது கிழியாமல் பிடித்துவைப்பது அந்தப் புரதம். இத்தாலியின் பொலோன்யாவில் பெக்காரி என்பவர் 1728இலேயே இதைப் பிரித்துக் காட்டிவிட்டார். இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் குழந்தைகள் மருத்துவமனையில், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சார்லட் ஆண்டர்சனும் தோழர்களும் இதே முறையில் மாவைக் கழுவி, மாவுச்சத்தைத் தனியாகவும் குளூட்டனைத் தனியாகவும் நோயுற்ற குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மாவுச்சத்து ஒன்றும் செய்யவில்லை. குளூட்டன்தான் நோயைத் திருப்பிக் கொண்டுவந்தது. 1952இல் லான்செட் இதழில் அது வெளிவந்தது. அடுத்த ஆண்டு டிக்கெ, வான் டி காமர், சக ஆய்வாளர் வெயர்ஸ் மூவரும் அந்தப் புரதத்துக்குள்ளும் கிளையடின் என்ற பகுதியே கெடுதல் செய்வது என்று எழுதினார்கள். மாவுச்சத்தின் மேல் கீ காலத்திலிருந்து சுமத்தப்பட்டு வந்த பழி அத்துடன் நீங்கியது.

குடலுக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தது அதற்குப் பிறகு. 1954இல் ஜான் பாலி என்ற ஆங்கில மருத்துவர், அறுவைச் சிகிச்சையின்போது எடுத்த குடல் துண்டில் உள்பூச்சு சிதைந்திருப்பதைக் கண்டார். 1956இல் லண்டனில் மார்கட் ஷைனர், வாய்வழியே செலுத்தும் குழாய் மூலம் சிறுகுடலிலிருந்து துண்டெடுக்கும் வழியைக் காட்டினார். 1957இல் வந்த கிராஸ்பி கேப்சூல் அதை எளிதாக்கியது. மெல்லிய குழாயின் நுனியில் ஒரு சிறு உலோகக் கூடு. அதைக் குழந்தை விழுங்கும். எக்ஸ்ரேயில் இடம் பார்த்து, வெளியிலிருந்து காற்றை உறிஞ்சினால் குடலின் உள்தோல் கூட்டின் துளைக்குள் இழுபடும். உள்ளிருக்கும் கத்தி அதை அரிந்துகொள்ளும். நுண்ணோக்கியில் பார்த்தபோது, உணவை உறிஞ்ச வேண்டிய விரலிகள் எல்லாம் தேய்ந்து, குடல் மொட்டைத் தரையாகக் கிடந்தது. கோதுமையை நிறுத்தியபின் அவை மீண்டும் தளிர்த்தன.

கீ பசும்பால் வேண்டாம் என்றதன் காரணமும் இங்கே விளங்குகிறது. பாலில் உள்ள லாக்டோஸைச் செரிக்கும் நொதி அந்த விரலிகளின் நுனியில்தான் சுரக்கிறது. விரலி தேய்ந்தால் பாலும் ஒத்துக்கொள்ளாது. தளிர்த்தால் பெரும்பாலும் பால் திரும்ப ஒத்துக்கொள்ளும். கீ கண்டது பொய்யில்லை. அவர் கண்டது நோயின் விளைவை.

ஒரு குழந்தைக்கு உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டில் சொல்லும்போது அது மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். வேர்க்கடலை தின்ற சில நிமிடங்களில் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இழுத்தால் அது ஒவ்வாமை. துளி அளவே உயிருக்கு ஆபத்தாகலாம். பால் குடித்தபின் வயிறு உப்பி, பேதியானால் நொதிக் குறைபாடாக இருக்கலாம். அங்கே அளவுதான் முக்கியம், கொஞ்சம் மோர் சிலருக்குத் தாங்கும். சீலியாக் இந்த இரண்டிலும் சேராது. குளூட்டன் தூண்டிவிட, உடலின் காப்புப்படை தன் குடலையே தாக்கும் நோய் அது. உடனே ஒன்றும் தெரியாது; ஆனால் சிறு அளவும் நாள்பட்டால் கெடுதல். 1989இல் ஒஸ்லோவில் லுட்விக் சோலிட் குழுவினர் இந்த நோய்க்கு அடிப்படையான மரபணு வகையை இனம் காட்டினார்கள். 1997இல் ஜெர்மனியில் ஷுப்பான் குழுவினர், உடல் எந்த நொதிக்கு எதிராகத் தன்னையே தாக்குகிறது என்று கண்டார்கள். அதனால்தான் இன்று ஒரு குழாய் இரத்தத்தில் முதல் விடை கிடைக்கிறது.

நோயாளிகளும் பெற்றோர்களும் சும்மா இருக்கவில்லை. 1968இல் பிரிட்டனில் சீலியாக் நோயாளிகளுக்கென்று சங்கம் தோன்றியது. அதை நிறுவியவர்களில் ஒருவர் பீட்டர் பெனன்சன். ஆம்னஸ்டி இன்டர்நேஷனல் அமைப்பைத் தொடங்கிய அதே மனிதர். அவருக்கும் இந்த நோய் இருந்தது. எந்த பிஸ்கட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டுப் பட்டியல் போடுவதும், உறையில் எழுது என்று நிறுவனங்களை வற்புறுத்துவதும் இத்தகைய சங்கங்கள் செய்த வேலை. ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இல்லாவிட்டால்தான் 'குளூட்டன் இல்லாதது' என்று எழுதலாம் என்ற விதி உலக அளவில் 2008இலும் இந்தியாவில் 2016இலும் வந்தது.

ஓர் உணவைத் தட்டிலிருந்து எடுப்பது மட்டுமே பாதுகாப்பு என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்கு வேர்க்கடலையின் வரலாறு சாட்சி. ஒவ்வாமை வரும் வாய்ப்பு அதிகமுள்ள குழந்தைகளுக்கு மூன்று வயதுவரை வேர்க்கடலை கொடுக்காதீர்கள் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2000இல் அறிவுரை கூறியது. ஒவ்வாமை குறையவில்லை. லண்டனில் கிடியன் லாக் என்ற மருத்துவர், அங்குள்ள யூதக் குழந்தைகளையும் இஸ்ரேலில் வளரும் குழந்தைகளையும் ஒப்பிட்டார். இஸ்ரேலில் பல் முளைக்கும் வயதிலேயே வேர்க்கடலைத் தின்பண்டம் கொடுக்கிறார்கள். லண்டனில் அப்போது ஒளித்து வைத்தார்கள். ஒவ்வாமை லண்டனில் பத்து மடங்கு. பிறகு 640 கைக்குழந்தைகளை இரண்டாகப் பிரித்து ஐந்து வயதுவரை தொடர்ந்தார்கள். 2015இல் முடிவு வந்தது: தொடக்கத்தில் தோல் பரிசோதனையில் எதுவும் காட்டாத குழந்தைகளில், வேர்க்கடலையைத் தவிர்த்தவர்களில் 13.7 சதவீதத்தினருக்கு ஒவ்வாமை. சாப்பிட்டு வந்தவர்களில் 1.9 சதவீதத்தினருக்கு மட்டுமே. முந்தைய அறிவுரை 2008இலேயே கைவிடப்பட்டிருந்தது.

கோதுமைக்கு இதே சூத்திரம் பொருந்துமா என்று பார்த்தவர்களுக்கு அவ்வளவு தெளிவான விடை கிடைக்கவில்லை. சுவீடனில் 1980களின் நடுவிலிருந்து இரண்டு வயதுக்குட்பட்டவர்களிடம் சீலியாக் நான்கு மடங்கு கூடி, 1990களின் நடுவில் திடீரென்று இறங்கியது. கோதுமையை எந்த மாதத்தில், எவ்வளவு, தாய்ப்பால் குடிக்கும்போதா நிறுத்தியபிறகா கொடுப்பது என்ற அறிவுரைகள் மாறியதோடு அதை முடிச்சுப் போட்டார்கள். ஆனால் 2014இல் வெளியான இரண்டு பெரிய ஐரோப்பிய ஆய்வுகள், தொடங்கும் மாதத்தைத் தள்ளிப்போடுவதாலோ முன்னால் கொண்டுவருவதாலோ நோயைத் தடுக்க முடியவில்லை என்றன. வேர்க்கடலையில் கற்ற பாடத்தைக் கோதுமைக்குப் பெயர்த்து நடக்க முடியாது.

இந்தியாவில் நெடுங்காலம் இது வெள்ளைக்காரர்களின் நோய் என்றே கருதப்பட்டது. 1966இல் டெல்லியின் எய்ம்ஸ் மருத்துவர்கள், வாலியா முதலானோர், வட இந்தியக் குழந்தைகளிடம் இதைக் கண்டு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். 1973இல் பர்மிங்ஹாமில், மாவைக் கழுவிச் சோதித்த அதே சார்லட் ஆண்டர்சனின் குழு, அங்கே குடியேறிய ஆசியக் குடும்பங்களின் குழந்தைகளிடமும் இதைக் கண்டது.

தமிழ்நாட்டு மருத்துவர்கள் அப்போது வேறொரு குடல் நோயுடன் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். 1960களின் தொடக்கத்தில் வேலூரைச் சுற்றிய வடார்க்காடு கிராமங்களில் ஸ்ப்ரூ கொள்ளைநோயாகப் பரவியது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கரும் மாதனும் அதை ஆராய்ந்தார்கள். பேதி, மெலிவு, தேய்ந்த விரலி என்று பல அடையாளங்கள் சீலியாக்கை ஒத்திருந்தாலும் அதற்குக் கோதுமை காரணமில்லை. அரிசிச் சோறு உண்ணும் ஊரில் குடல் மெலிவைக் கண்டால் கிருமியைத்தான் முதலில் தேட வேண்டும் என்பது அனுபவம் கற்றுக் கொடுத்த பாடம். அது பெரும்பாலும் சரியான பாடம்தான்.

அந்த வேலூரே பின்னர் இன்னொரு பெரிய ஆய்வில் பங்கேற்றது. வடக்கு, வடகிழக்கு, தெற்கு என மூன்று பகுதிகளில் 23,000க்கும் மேற்பட்ட பெரியவர்களைச் சோதித்து 2016இல் வெளிவந்த ஆய்வு அது. சீலியாக்கைக் காட்டும் எதிர்ப்பொருள் இரத்தத்தில் இருந்தவர்கள் வடக்கில் 1.23 சதவீதம், வடகிழக்கில் 0.87, தெற்கில் 0.10. நோய்க்கு வழிவிடும் மரபணு வகை மூன்று பகுதிகளிலும் ஏறத்தாழ மூன்றில் ஒருவரிடம் இருந்தது. பெரிய வேறுபாடு இல்லை. வேறுபட்டது தட்டு. நாளொன்றுக்கு ஒருவர் உண்ணும் கோதுமை வடக்கில் சராசரியாக 455 கிராம், தெற்கில் 25 கிராம். வடகிழக்கிலும் கோதுமை குறைவுதான். நோய் அங்கே அவ்வளவு குறையவில்லை. ஆகவே கோதுமை ஒன்றே கணக்கை முடித்துவிடாது. ஆனாலும் தெற்கின் சோற்றுத்தட்டு இதுவரை பலரைக் காத்திருக்கிறது என்று எண்ண இடமுண்டு.

அந்தத் தட்டு மாறிக்கொண்டிருக்கிறது. 1950களில் அமெரிக்காவுடன் ஏற்பட்ட பி.எல். 480 ஒப்பந்தக் கோதுமை ரேஷன் கடைகளுக்கு வந்தது முதல், சர்க்கரை நோய்க்குப் பயந்து இரவில் சப்பாத்திக்கு மாறிய வீடுகள் வரை, பரோட்டாவும் பிஸ்கட்டும் நூடுல்ஸும் குழந்தைகளின் அன்றாடம் ஆனது வரை, கோதுமை ஏறுமுகத்தில்தான் இருக்கிறது. பிள்ளை உயரம் வளரவில்லை, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தும் இரத்தம் ஏறவில்லை, வயிறு எப்போதும் உப்பியிருக்கிறது என்று வரும் குடும்பத்திடம் இது நம்மூர் நோய் இல்லை என்று தள்ளிவிடும் காலம் போய்விட்டது.

நோய் உறுதியான பிள்ளைக்குத் தமிழ்ச் சமையலறை ஒரு வரம். இட்லி, தோசை, இடியாப்பம், புட்டு, கேப்பைக் கூழ், கம்பங்களி, தினைப் பொங்கல், உளுந்தங்களி எதிலும் குளூட்டன் இல்லை. பஞ்சாபிலோ ஹரியானாவிலோ ஒரு தாய் நாலு வேளையும் மாற்று தேட வேண்டியிருக்க, இங்கே பாதி வேலை பாட்டி காலத்திலேயே முடிந்திருக்கிறது. ஒளிந்திருக்கும் கோதுமைதான் இங்கே தொல்லை. கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா சேர்ந்திருக்கும். சாம்பாரும் ரசமும் அந்த ஒரு சிட்டிகையால் கெடும். வீட்டில் வறுத்து அரைக்கும் சத்துமாவில் சம்பா கோதுமையும் பார்லியும் சேர்ப்பது பல குடும்பங்களின் வழக்கம். குழந்தைக்குச் சத்து என்று பாலில் கலக்கும் மால்ட் பானங்கள் பார்லியில் செய்தவை. தோசை முறுகலாக வர ஒரு கைப்பிடி ரவை போடுபவர்கள் உண்டு. மாவு மில்லில் கோதுமை அரைத்த கையோடு கேழ்வரகைக் கொட்டினால், கல்லில் மிச்சமிருந்த கோதுமை அதோடு வந்துவிடும். கேழ்வரகை வீட்டிலேயே மிக்ஸியில் அரைத்துச் சலிப்பது நல்லது. சப்பாத்தி சுட்ட கல்லில் அப்படியே தோசை வார்க்கக் கூடாது. பள்ளியில் பிறந்தநாள் கேக் நீட்டப்படும்போது என்ன சொல்ல வேண்டும் என்று பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லிக்கொடுத்து, பையில் ஒரு கடலை மிட்டாய் வைத்து அனுப்பும் தாய்மார்கள், மருத்துவக் குறிப்பேட்டில் எழுத முடியாத ஒரு பராமரிப்பைச் செய்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு காரியம் இருக்கிறது. அவசரத்தில் அதைத்தான் பலர் தாண்டிவிடுகிறார்கள். சந்தேகம் வந்ததும் கோதுமையை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போனால், இரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருள் மாதக்கணக்கில் இறங்கி, குடலும் ஆறத் தொடங்கி, பரிசோதனை 'இல்லை' என்று சொல்லிவிடக்கூடும். அப்புறம் உண்மையை அறியப் பிள்ளைக்குப் பல வாரம் மறுபடி கோதுமை கொடுத்துத்தான் சோதிக்க வேண்டும். எனவே கோதுமையை உண்டுகொண்டிருக்கும்போதே டிடிஜி என்ற இரத்தப் பரிசோதனையும், தேவைப்பட்டால் எண்டோஸ்கோப்பியும் செய்து முடித்துவிட வேண்டும். உறுதியானால் கோதுமை, பார்லி, ரை மூன்றையும் வாழ்நாள் முழுக்க நிறுத்த வேண்டும். பால் சில மாதங்கள் பார்த்துத் திரும்பலாம். அரிசியோ பழமோ முட்டையோ மீனோ நிறுத்த ஒரு காரணமும் இல்லை. ஆறு மாதத்தில் மறுபடி டிடிஜி எடுத்து, எண் இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். இறங்காவிட்டால் அம்மாவிடம் முதலில் கேட்க வேண்டியது பெருங்காய டப்பாவைப் பற்றித்தான்.